நடையியல் வல்லுநர்

பதுளையில் ஒரு சபை இருந்தது. ஊவா மாதிரிக் குதிரைக் காட்சிப் போற்றுநர் சபை என்பது அதன் முழுப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் என்பதால் எல்லாரும் குதிரைச் சபை என்றே சொன்னார்கள். சபையிடம் குதிரை கிடையாது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் பதுளையில் எவரிடமுமே குதிரை கிடையாது. அதை ஒரு குறையாகச் சபையில் யாரும் நினைக்கவில்லை.

சபைக்கு வித்திட்டவர் ஓர் ஆங்கிலேயக் கிழவி. மடுல்சீமையில் தேயிலைத் தோட்டத்துரையாக இருந்த ஒருவரின் மகள். சிறு வயதில் அங்கே வளர்ந்து, பிறகு சீமைக்குப் போய், சாகும்வரை சாண் உயரப் பொம்மைக் குதிரைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தவர். அந்த நாட்டில் அதற்கென்று போட்டிகள் உண்டாம். மேசைமேல் பொம்மைக் குதிரையை நிறுத்தி, வேலி, வண்டி, சவாரிக்காரன் என்று சுற்றிலும் ஒரு காட்சியை அமைப்பார்கள். நடுவர் குனிந்து பார்த்து, அதன் கால்கள் எந்த நடையில் இருக்கின்றன, அந்த நடை அந்தக் காட்சிக்குப் பொருந்துகிறதா என்று தீர்ப்புச் சொல்வார். கிழவி இறந்தபோது ஊவாத் தோட்டங்களுக்கு ஓர் அம்புலன்ஸ் வண்டியை எழுதிவைத்திருந்தார். மிக அவசியமான தோட்டத்துக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் உயிலில் இருந்த வாசகம். குதிரையைப் பற்றி உயிலில் ஒரு சொல்லும் இல்லை.

குதிரையைக் கொண்டுவந்தவர் சபையின் தலைவர் வீரக்கோன். ஓய்வுபெற்ற தோட்டத்துரை. ஆரம்பக் கூட்டத்தில் அவர் சிங்களத்தில் பேச, மொழிபெயர்ப்பாளர் ஹுமைத் தமிழில் எடுத்துவிட்டார்.

"அம்மையார் மிக அவசியமான தோட்டம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவசியத்தை எப்படி அளப்பது? எந்தத் தோட்டத்தைக் கேட்டாலும் அவசியம் என்றுதான் சொல்லும். நேரில் பார்க்கப் போனால் மலை ஏற வேண்டும், அட்டை கடிக்கும். ஆனால் குதிரையின் நடையை அளப்பதற்கு அம்மையாரின் நாட்டிலேயே அச்சிட்ட விதிகள் இருக்கின்றன. ஆகவே மிகச் சிறந்த நடையுள்ள மாதிரிக் குதிரையைச் செய்யும் தோட்டமே மிக அவசியமான தோட்டம் என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது."

எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த தோட்டத் தலைவர்களும் தட்டினார்கள். அம்புலன்ஸ் என்ற சொல் மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்திருந்தது.

போட்டிக்கு நடை தெரிந்த நடுவர் ஒருவர் வேண்டும் என்று விதி சொன்னது. சபை கல்விக் கந்தோருக்கு எழுதியது. ஹுமைத் அந்தக் கடிதத்தைத் தமிழாக்கியபோது, 'நடையியல் வல்லுநர் ஒருவரை விடுவித்து உதவவும்' என்று எழுதினார். பிழை சொல்ல முடியாத தமிழ். கந்தோர் அதைத் தமிழ்ப் பாடசாலைகளுக்கெல்லாம் அனுப்பியது. ஓர் அதிபர் தம் ஆசிரியர்களின் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தார். தமிழ் ஆசிரியர் இரகுநாதனின் டிப்ளோமாவில் 'நடையியலில் விசேட சித்தி' என்று இருந்தது. அதிபருக்கு மிகுந்த சந்தோஷம். கேட்ட பொருள் கையிருப்பில் இருப்பது அவருடைய சேவைக் காலத்தில் அதுதான் முதல் தடவை.

இரகுநாதன் படித்தது உரைநடையின் நடையை. எளிய நடை, மிடுக்கு நடை, செறிவான நடை என்று வகை பிரித்து ஓர் ஆய்வேடு எழுதியிருந்தார். அதை வாசித்தவர்கள் அவரும் பரிசோதகரும் மட்டுமே. இப்போது அவரை ஊவா மாகாணக் குதிரை நடை நடுவராக நியமித்துக் கடிதம் வந்திருந்தது.

"குதிரையை எங்க கண்டனீங்கள்?" என்று கேட்டாள் அவர் மனைவி சரோஜினி.

"ஊரில, திருவிழாவில. குதிரை வாகனம்."

"அதுக்கு நடை இருந்ததோ?"

"அதை ஆக்கள் தோளில தூக்கிக்கொண்டு போறவை. அவையின்ர நடைதான்."

"அப்ப போய் இல்லையெண்டு சொல்லிப்போட்டு வாங்கோ."

சொல்லிவிட்டு வரத்தான் போனார். சபையின் கந்தோரில் ஹுமைத் மட்டும் இருந்தார்.

"தம்பி, இதில ஒரு பிழை நடந்திட்டுது. நான் படிச்சது நடையியல்தான். ஆனா அது எழுத்து நடை. குதிரை நடை இல்லை."

ஹுமைத் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். மூன்று கையொப்பங்கள் இருந்தன.

"எல்லாம் நடைதானே சேர். இப்ப மாத்தப் போனா மூணு கந்தோருக்கு எழுதணும். யாரு இவரு, எந்த ஊரு, எங்க பொறந்தாரு, எப்ப பதுளைக்கு வந்தாரு என்டு முதல்ல இருந்து விசாரிப்பாங்க. என்னத்துக்கு சேர் வீண் வேல?"

எங்கே பிறந்தார் என்ற கேள்வி இரகுநாதனுக்கு ஆகாது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், யுத்தம் நடந்த அந்த ஆண்டில், தன் பிறந்த இடத்தை யாருக்கும் நினைவூட்ட விரும்பமாட்டார். அவர் யோசித்துக்கொண்டு நின்றபோதே ஹுமைத் ஒரு பித்தளைச் சின்னத்தை எடுத்து அவருடைய சட்டையில் குத்திவிட்டார். பாயும் குதிரை ஒன்று, கீழே மூன்று மொழியிலும் 'நடை நடுவர்'.

வீடு பசறை வீதியில், சோதனைச் சாவடிக்கு அப்பால். ஒவ்வொரு மாலையும் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, அதில் இருக்கும் ஊர்ப் பெயருக்காகத் தனியே ஒதுங்கி நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் இரகுநாதன் வீட்டுக்குப் போவார். அன்று சிப்பாய் சின்னத்தைப் பார்த்தான். பாயும் குதிரை எந்தப் படைப்பிரிவு என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததற்கு ஒரு சலாம் வைத்துவிடுவது பாதுகாப்பு என்று நினைத்தானோ என்னவோ, சலாம் வைத்து, பஸ்ஸுக்குள்ளேயே இருக்கச் சொன்னான்.

அதற்குப் பிறகு இரகுநாதன் பிழையைத் திருத்தப் போகவில்லை. நாளைக்குப் போவோம் என்று சொல்லிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு சின்னத்தை ஒவ்வொரு காலையும் துடைத்துக் குத்திக்கொண்டார்.

போட்டிக்கு முன்னால் ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். குதிரை கிடைக்காததால் நான்கு எழுதுவினைஞர்களை முன்னால் இருவர், பின்னால் இருவர் என்று நிறுத்தி, ஆளுக்கு ஒரு காலாக நியமித்தார் தலைவர். காரியாலய உதவியாளர் வால். நடையென்றால் ஒவ்வொருவராக அடி வைக்க வேண்டும். குற்றோட்டமென்றால் முன் இடதும் பின் வலதும் சேர்ந்து எழும்ப வேண்டும், பிறகு மற்ற இருவர். பாய்ச்சல் வந்தபோது பின் இடது காலாக இருந்தவர் தனக்கு மூலவருத்தம் என்று விடுப்புக் கேட்டார். கால் விடுப்பில் போனால் குதிரை நொண்டியாகிவிடும், நொண்டிக் குதிரைக்கு விதியில் இடமில்லை என்று தலைவர் மறுத்துவிட்டார். இரகுநாதன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். குற்றோட்டத்துக்குக் குறுக்குக் கால்கள் என்பது மட்டும் ஆணி அடித்ததுபோல மனதில் பதிந்தது.

விதிகளில் பதினேழாவது அவருக்குப் பிடித்திருந்தது. 'நடுவருக்கு ஐயம் எழுமாயின் குதிரை தான் இருக்கும் இடத்திலிருந்து உடனே அகற்றப்படும். ஐயத்தின் காரணம் அன்று மாலைக்குள் எழுத்தில் தரப்படும்.' முதலில் அகற்றிவிட்டுப் பிறகு காரணம் கண்டுபிடிக்கலாம் என்பது அரசாங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஆறுதலான ஏற்பாடு.

போட்டி தை மாதக் கடைசியில் நடந்தது. மண்டபத்தில் வெள்ளை விரித்த மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தோட்டம், ஒரு குதிரை. மண்டப வாசலில் அம்புலன்ஸ் ரிப்பன் கட்டி நின்றது.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்று, தங்கள் முனியாண்டி கோயிலில் இருந்த மண்குதிரையையே கும்பிட்டுத் தூக்கிவந்திருந்தது. நான்கு காலையும் ஊன்றி அது நின்றது.

"இது நிற்கிறது," என்றார் தலைவர். "நடை எங்கே?"

"சாமி குதிரைங்க. பகல்ல நிக்கும். ராத்திரியிலதாங்க நடக்கும்," என்றார் பூசாரி.

ஹுமைத் மொழிபெயர்த்தார். தலைவர் குழுவோடு கலந்தாலோசித்தார். மண்டபத்தின் வாடகை மாலை நான்கு மணியோடு முடிவதால் ராத்திரி நடையைக் கணக்கில் எடுக்க முடியாது என்று முடிவாயிற்று. பதினேழாம் விதிப்படி குதிரை அகற்றப்பட்டது. காரணம் என்ற இடத்தில் இரகுநாதன் 'நிற்கிறது' என்று எழுதினார். பூசாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குதிரைக்கு எலுமிச்சம்பழம் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்தது கிளென்வூட் தோட்டம். பதுளை ஆஸ்பத்திரியின் கூரை தெரியும் தூரத்தில், தார் வீதியில் இருக்கும் தோட்டம். அதன் துரை தலைவரின் தங்கை மகன். குதிரை ஒரு சிறு வேலியைத் தாண்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. தோல் பளபளத்தது, கண்ணுக்கு இமைகூட இருந்தது. தொழிலாளர்களே தங்கள் கையால் செய்தது என்று அட்டையில் எழுதியிருந்தது. கால்களைப் பார்ப்பதற்காக இரகுநாதன் நன்றாகக் குனிந்தார். குதிரையின் வயிற்றில், கொழும்புக் கடையொன்றின் விலைச்சீட்டு பாதி சுரண்டியும் சுரண்டாமலும் ஒட்டியிருந்தது.

அவர் குனிந்தபடியே இருந்தார். ஐயம் என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் தலைவர் திரும்பிப் பார்ப்பார். யார் இந்த நடுவர் என்று யாராவது கேட்பார்கள். எங்கே படித்தார், எங்கே பிறந்தார் என்று போகும். மாலையில் சாவடி இருக்கிறது.

"வல்லுநர் என்ன சொல்கிறார்?" என்றார் தலைவர்.

இரகுநாதன் நிமிர்ந்தார். பழைய நிகண்டொன்றில் படித்த சொல் வாயில் வந்தது. "மயூரகதி."

"மயிலின் நடை," என்று ஹுமைத் பெயர்த்தார். மண்டபம் கை தட்டியது. சீட்டைப் பற்றி இரகுநாதன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சந்தேகத்தை விழுங்கிவிட்டார்.

கடைசி மேசை மடுல்சீமை. ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள், கந்தப்பனும் இராக்கம்மாவும். அவர்களுடைய குதிரைக்குத் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியில் கால்கள், சாக்கில் உடம்பு. முகம் ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவில் இருந்தது. அதன் முதுகில் கம்பளித் துண்டொன்றில் சுருண்டபடி ஒரு துணிப் பொம்மை.

"என்ன காட்சி இது?" என்று கேட்டார் ஹுமைத்.

"புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுங்க," என்றாள் இராக்கம்மா.

"குதிரையிலயா?"

"குதிரைதான் வேணும்னு சொல்லிட்டீங்களே சார். எங்க தோட்டத்துல கம்பளியில போட்டு, கம்புல கட்டி, முன்ன ஒருத்தரு பின்ன ஒருத்தரு தூக்கிக்கிட்டுப் போறதுதான். குதிரைய நாங்க எங்க பாத்தோம். தூக்குறவங்களப் பாத்துத்தான் காலு வச்சிருக்கோம்." கொஞ்சம் நிறுத்தி, யாரும் கேட்காததையும் சொன்னாள். "போன வருசம் எங்க மருமக, அப்புடித் தூக்கிக்கிட்டுப் போறப்பவே வழியில போயிட்டா. இப்ப மக சுதர்ஷினிக்கு ஏழு மாசமுங்க. அந்த வண்டி எங்களுக்கு வேணுங்க."

ஹுமைத் கடைசிப் பகுதியை மொழிபெயர்க்கவில்லை. நடை சம்பந்தமான விடயம் அதில் இல்லை என்று அவர் கருதினார்.

இரகுநாதன் குனிந்தார். முன் இடதும் பின் வலதும் மேலே எழும்பியிருந்தன. குறுக்குக் கால்கள். குதிரையைப் பற்றி அவருக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே சங்கதி அவர் முன்னால் நின்றது. நடை என்று ஒரு சொல் சொன்னால், கட்டைக் குச்சியானாலும் காட்சிக்குப் பொருந்தும் நடை என்று இந்தக் குதிரையைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் பட்டறையில் கால்களாக இருந்த நான்கு எழுதுவினைஞர்களும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குற்றோட்டம்," என்றார்.

"நோயாளியைச் சுமக்கும் குதிரை ஓடலாகாது," என்றார் தலைவர். "நோயாளிக்கு ஆகாது. மனிதாபிமான அடிப்படையில் இந்தக் குதிரையை நீக்குகிறோம்."

இராக்கம்மா சண்டை பிடிக்கவில்லை. கணவனிடம் திரும்பி, "ஓடுதாம்ல," என்று மட்டும் சொன்னாள். கந்தப்பன் குதிரையைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

பரிசளிக்கும்போது தலைவர் மனம் நெகிழ்ந்து பேசினார். "கிளென்வூட்டுக்கு இந்த வண்டி போவது தெய்வச் செயல். மடுல்சீமைப் பாதையில் ஓடியிருந்தால் ஒரு மழையோடு கெட்டுப்போயிருக்கும். நல்ல பாதை இருக்கும் இடத்தில் இருந்தால்தான் வண்டி நீண்ட காலம் வாழும். வண்டியின் ஆரோக்கியத்தையும் நாம் பார்க்க வேண்டும் அல்லவா?"

இரகுநாதனுக்கு மாலை போட்டார்கள். குற்றோட்டத்தை ஒரே பார்வையில் பிடித்த வல்லுநர் என்று அவரைப் புகழ்ந்து, 'குதிரை நடைக் கைநூல்' ஒன்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். அன்று மாலை சாவடியில் சிப்பாய் மாலையையும் சேர்த்துப் பார்த்து, பஸ்ஸை நிறுத்தாமலே விட்டுவிட்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் அவரை நன்றியோடு பார்த்தார்கள். அவருக்கு எழும்பி ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

அதன் பிறகு அவரால் நிம்மதியாக ஒரு கவளம் உண்ண முடியவில்லை. வகுப்பில் நடைச் சிறப்பு என்று சொல்ல வாயெடுத்தால் குச்சிக் கால்கள் தெரிந்தன. வீதியில் போகும் நாயின் காலைப் பார்த்தார், மாட்டின் காலைப் பார்த்தார். ஏழு, எட்டு, ஒன்பது என்று மாதங்களையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"சீட்டு இருக்கெண்டு சொல்லியிருக்கலாமே," என்றாள் சரோஜினி.

"சொன்னா, நீ ஆரெண்டு என்னைக் கேட்பினம்."

"கேட்டா என்ன? இப்பவும் நீங்கள் ஆரெண்டு உங்களுக்கே தெரியாமல்தானே திரியிறியள்."

சித்திரை விடுமுறையில் அவர் பதுளைக்குப் போய், ஒரு பிஸ்கட் பெட்டியை வாங்கிக்கொண்டு மடுல்சீமைக்குப் பஸ் ஏறினார். மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தார். அதை மிடுக்கு நடையில் கேட்பதா எளிய நடையில் கேட்பதா என்று பசறை வரைக்கும் யோசித்தார். சின்னம் சட்டையில் இருந்தது. சாவடியைத் தாண்ட வேண்டுமே.

கடைத்தெருவில் இறங்கி, கல்லும் குழியுமான பாதையில் ஏறி, கேட்டுக் கேட்டு அவர்களுடைய லயத்து வரிசை வீட்டைக் கண்டுபிடித்தபோது வாசலில் கூட்டமாக இருந்தது. எல்லாரும் பெண்கள். உள்ளே சுதர்ஷினி முனகுவது கேட்டது. வருடப் பிறப்பென்று ஆண்கள் கோயிலுக்கும் கிரிக்கெட்டுக்கும் போய்விட்டிருந்தார்கள். அகப்பட்ட ஒரு கிழவருக்குத் தோள் பிசகியிருந்தது. கந்தப்பன் கம்பில் கம்பளியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இராக்கம்மா இரகுநாதனை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த பிஸ்கட் பெட்டியை வாங்கி ஒரு பெண்ணிடம் கொடுத்தாள்.

"சார், நீங்க முன்னாடி புடிங்க," என்றாள்.

மன்னிப்புக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. கம்பு தோளில் ஏறியது. பத்தடி போவதற்குள் கம்பளி பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கியது, சுதர்ஷினி அலறினாள்.

"சார், காலு மாத்துங்க," என்றார் பின்னாலிருந்து கந்தப்பன். "நான் வைக்கிற காலயே நீங்களும் வச்சா தூக்கு ஆடும். நான் வலது வச்சா நீங்க இடது வைங்க."

இரகுநாதன் ஓரடி தயங்கிக் காலை மாற்றினார். ஊசல் நின்றது. முன் இடது, பின் வலது. முன் வலது, பின் இடது. நான்கு கால்களும் குறுக்காக எழும்பி விழுந்தன. இறக்கத்தில் அது தானாகவே ஓட்டமாயிற்று. தோளில் எரிந்த எரிவு அவருக்கு வேண்டியதாகவே இருந்தது. போன வருடம் இந்தப் பாதையில் எந்த வளைவில் மருமகள் போனாள் என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவையும் அதுதானோ என்று பார்த்தார்.

கடைத்தெருவில் அம்புலன்ஸ் நின்றது.

அவர் முதலில் நம்பவில்லை. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே படுக்கையில், பட்டி போட்டு இறுக்கி, கழுத்தில் மாலையோடு கிளென்வூட் குதிரை பாய்ந்துகொண்டிருந்தது. வெளியே ஹுமைத் ஒலிபெருக்கியோடு நின்றார். சரியான நடை எது என்று தோற்ற தோட்டங்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு, வெற்றிக் குதிரையை மாகாணமெங்கும் கொண்டுபோய்க் காட்டச் சபை தீர்மானித்திருந்தது. சாதாரண வாகனத்தில் குலுங்கினால் நடை கெட்டுவிடும் என்பதால் அம்புலன்ஸைக் கிளென்வூட்டிடமிருந்து இரவல் வாங்கியிருந்தார்கள். தலைவர் துரை பங்களாவில் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

"சேர், நீங்களா?" என்ற ஹுமைத், கம்பளியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வெளங்குது சேர். ஆனா தலைவர்ட ஓடர். குதிரைய அசைக்க ஏலாது. அவர் வந்தாத்தான் ஏதும் சொல்லலாம்."

"எப்ப வருவார்?"

"தேத்தண்ணி குடிச்சிட்டு."

கம்பளிக்குள்ளிருந்து வந்த குரல் இப்போது அலறலாக இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. இரகுநாதன் கம்பை மெல்ல இறக்கினார். சட்டையில் சின்னம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, மண்டபத்தில் ஒரு தடவையும் வராத குரலில், எழுத்துத் தமிழில் சொன்னார்.

"இந்தக் குதிரையைப் பற்றி எனக்கு ஐயம் எழுந்துள்ளது. விதி பதினேழு."

ஹுமைத் விதிகளைத் தமிழாக்கியவர். சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டிய தேவைகூட அவருக்கு இல்லை. "குதிரை தான் இருக்கும் இடத்திலிருந்து உடனே அகற்றப்படும்," என்று தானே சொல்லிவிட்டு, பட்டியை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததுபோல இரகுநாதனுக்குப் பட்டது. குதிரை இரகுநாதனின் கைக்கு வந்தது. சுதர்ஷினி படுக்கைக்குப் போனாள். 'உடன் ஒருவர் மட்டும்' என்று கதவில் எழுதியிருந்ததால் இராக்கம்மா ஏறினாள். வண்டி பசறைப் பக்கம் இறங்கிப் போயிற்று.

வீதியில் மூன்று பேரும் ஒரு குதிரையும் மிஞ்சினார்கள். ஹுமைத் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"காரணம் எழுதித் தரணும் சேர். மாலைக்குள்ள."

இரகுநாதன் கடை வாசல் பலகையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். 'மேற்படி அசுவத்தின் அங்க அசைவுகளை நுணுகி ஆராய்ந்தவிடத்து, அதன் கதி மயூரத்துக்கும் வானரத்துக்கும் இடைப்பட்டதாக' என்று மிடுக்கு நடை தடையில்லாமல் ஓடியது. நல்ல நடைதான். அதைக் கொடுத்தால் சபை ஏற்றுக்கொள்ளும், வேலையும் சின்னமும் தப்பும்.

கந்தப்பன் பக்கத்தில் குந்தியிருந்து வெற்றிக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க ஓட்டம்னு சொன்னது சரிதாங்க சார்," என்றார். குரலில் கேலி இல்லை. "நாங்க என்னைக்கு நடந்து கொண்டு போயிருக்கோம். ஓட்டந்தான்."

இரகுநாதனின் பேனா பாதி வரியில் நின்றது.

"எங்க லயத்துல அடுத்த காம்பிராவுலயும் ஒரு புள்ளைக்கு வைகாசியில நாளுங்க," என்றார் கந்தப்பன் திரும்பவும். "அப்பவும் இந்தக் குதிரை இங்க வருங்களா?"

இரகுநாதன் எழுதியதைக் குறுக்கே வெட்டினார். அதன் கீழே புதிதாக எழுதினார். 'குதிரையின் வயிற்றில் கடையின் விலைச்சீட்டு இருக்கிறது. போட்டியன்றே கண்டேன். பயத்தில் சொல்லவில்லை. எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் படித்தது எழுத்து நடை. மடுல்சீமைக் குதிரையை நீக்கியது பிழை. போட்டியை ரத்துச் செய்து, வண்டியை அவர்களுக்குக் கொடுங்கள்.' எளிய நடை. ஆய்வேட்டில் அதைப் பற்றி ஓர் அதிகாரமே எழுதியிருந்தாலும், எழுதிப் பார்த்தது அன்றுதான்.

ஹுமைத் வாசித்தார். குதிரையைக் கவிழ்த்து வயிற்றைப் பார்த்தார். பிறகு திரும்பவும் வாசித்தார்.

"சேர், இத நான் சிங்களத்துல போட்டுக் குடுத்தா, உங்களையும் மேசையில இருந்து எடுத்துருவாங்க."

"தெரியும். ஒரு சொல்லும் விடாமல் போடும் தம்பி."

"அன்டைக்கு அந்தப் பொம்பள சொன்னதுல பாதிய நான் விட்டுட்டன் சேர்," என்றார் ஹுமைத். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இதுல விட மாட்டன்."

இரகுநாதன் சின்னத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். சட்டையில் இரண்டு சிறு ஓட்டைகள் இருந்தன.

வீட்டருகே இறங்காமல், ஆஸ்பத்திரிக்கென்று பதுளைக்கே போன இரகுநாதனின் பஸ் பசறை வீதிச் சாவடியில் நின்றது. அவர் மற்றவர்களோடு இறங்கி வரிசையில் நின்றார். பழைய சிப்பாய்தான். சட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், அடையாள அட்டையை வாங்கி ஊர்ப் பெயரை வாசித்தான். இத்தனை மாதமும் சலாம் வைத்தவனுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. ஒதுங்கி நிற்கச் சொன்னான். தோள் வீங்கியிருந்தது ஏன் என்று கேட்டான். இரகுநாதன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மடுல்சீமை, அம்புலன்ஸ், தூக்கினேன் என்று சொன்னார்.

சிப்பாயின் முகம் மாறியது. "அம்புலன்ஸ்?" என்று கேட்டு, துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துத் தாலாட்டுவதுபோல ஆட்டிக் காட்டினான். பிறகு, தன் வயதை மறந்து, பச்சைப் பிள்ளை வீரிடுவதுபோல வாயால் ஒரு சத்தமும் போட்டான். வண்டி அந்தச் சத்தத்தோடுதான் சாவடியைக் கடந்து போயிருக்கிறது.

இரகுநாதன் அழுதார். வைகாசி மாதத்தையும் நினைத்துத்தான் அழுதார். சிப்பாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

"நட, நட," என்றான் தனக்குத் தெரிந்த தமிழில்.

இரகுநாதன் நடந்தார்.